முதுகு விளக்கு

“மாஸ்டர், இதைவிடப் பெரிய லைட்டு நம்ம பக்கத்துல எந்தக் கடையிலயும் கிடையாது. இதுவும் ஆகாதுன்னா நான் என்னதான் பண்றது?”

தணிகாசலம் கேள்வியாகத்தான் கேட்டார். ஆனால் குரலில் குறைதான் நிறைய இருந்தது.

அவர் மாஸ்டர் என்று கூப்பிட்டது ஜெசிந்தாவை. புதுச்சேரிக் கடலோரத்தில், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போவதற்குச் சொல்லிக்கொடுக்கிறவர். வயதைப் பார்த்தால் தணிகாசலத்துக்கு மகள் மாதிரி. பேச்சைப் பார்த்தால் அவருக்கே தாத்தா மாதிரி. ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் இரண்டாவது வார்த்தை அவரிடமிருந்து வராது.

மாஸ்டர் அந்த லைட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல சுரைக்காய் அளவு இருந்தது.

“உள்ளே வாங்க ஐயா.”

சாமான் அறைக்குள் போனார்கள். மாஸ்டர் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். லைட்டைத் தணிகாசலத்தின் முகத்துக்கு நேரே போட்டார்.

“நான் எத்தனை விரல் நீட்டியிருக்கேன்?”

“கண்ணு கூசுது மாஸ்டர்.”

“எத்தனை விரல்?”

“ஒண்ணும் தெரியலையே.”

லைட் அணைந்தது. தணிகாசலம் கண்ணைக் கசக்கி, சுவரைத் தடவி, கதவைக் கண்டுபிடித்து வெளியே வந்தார். மாஸ்டர் எப்போதோ போய் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் தணிகாசலத்துக்கும் ஒரு டீ இருந்தது.

அன்றைய பாடம் அவ்வளவுதான்.

தணிகாசலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கடலூர்ப் பக்கம் திருவிழா என்றால், கல்யாணம் என்றால், சீரியல் செட் விளக்கு கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். பனை உயரத்துக்கு மூங்கில் கட்டி, பல்பிலேயே அம்மனை நிற்கவைப்பார். அம்மன் கண்ணைத் திறந்து மூடுவாள். தலைக்கு மேலே சக்கரம் சுற்றும். ஊர் எல்லையிலேயே அவர் பெயர் சிவப்பும் பச்சையுமாக ஓட ஆரம்பித்துவிடும். இருட்டு என்றால் அவருக்கு ஜென்மப் பகை. எங்கே கண்டாலும் அடித்து விரட்டிவிடுவார்.

அந்த மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள் வேதவல்லி.

கல்யாணமாகி வந்த நாள் முதலாக அவளுக்கு வெளிச்சத்தில்தான் குடித்தனம். வீட்டுக்கு முன்கட்டுதான் கிடங்கு. நாளைக்குத் தேர் என்றால் இன்றைக்கு ராத்திரி பூராவும் அங்கே பல்பு எரிந்து எரிந்து அணையும். அவள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு தூங்கப் பழகினாள். பிள்ளைகளையும் அப்படியே பழக்கினாள். அது வேண்டும் இது வேண்டும் என்று அவள் கேட்டு அவர் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் வாங்கித் தந்திருப்பார், தங்கமான மனுஷன்தான். கேட்டால்தானே.

போன வருஷம் ஒரு ஓட்டலுக்கு அவர் போட்ட விளக்கு அலங்காரத்தில் மயங்கிப்போய், ஓட்டல்காரர் பிரியத்தோடு இருவரையும் ஜெசிந்தா மாஸ்டரிடம் அனுப்பிவைத்தார், ஒருநாள் கடலுக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். வேதவல்லி விட்டாள். இவரும் விட்டார். மேலே வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், இதை முறையாகக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்களாம். டாக்டர் சீட்டு வாங்கினார்கள். பாடம் படித்தார்கள். பகலில் இறங்குவதற்கு இருவருமே தேறிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒருநாள் படகில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவள் அவரிடம் சொன்னாள்.

“ராத்திரியிலயும் இறங்கலாமாமே. லைட்டே இல்லாத இடத்தை ஒரு தடவை பார்க்கணுங்க. அந்த இருட்டுல கையை ஆட்டினா தண்ணியே மினுங்குமாம்.”

முதல் தடவையாக அவள் ஒன்று கேட்டிருந்தாள். தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதை முடித்துக் கொடுக்காவிட்டால் நான் என்ன புருஷன் என்று நினைத்தார். நினைத்தவர் நேரே போய், கிடைக்கிறதிலேயே பெரிய லைட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். அவருக்குத் தெரிந்த அன்பு அதுதான்.

ஆனால் மாஸ்டரின் பள்ளியில் ஒரு விதி இருந்தது. இருட்டிய பிறகு ஜோடியாகத்தான் இறங்கலாம். ஜோடியில் ஒருத்தர் தேறாவிட்டாலும் இரண்டு பேருக்கும் கிடையாது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கடல் கலங்கும், பள்ளியை மூடிவிடுவார்கள். தை பிறந்ததும் இவர்கள் மஸ்கட்டுக்குப் போகவேண்டும். மகளுக்குப் பிரசவம். பிறகு பேரப்பிள்ளை, அது நடக்கிற வரைக்கும் அங்கேதான். திரும்பி வரும்போது இவர் உடம்புக்கு டாக்டர் சீட்டுக் கொடுப்பாரோ மாட்டாரோ.

இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரம் கைக்கு அடக்கமான டார்ச் ஒன்று, அது நின்றுபோனால் எடுத்துக்கொள்ள மார்போடு மாட்டிக்கொள்கிற சின்ன டார்ச் ஒன்று, இரண்டையும் கொண்டுவந்து காட்டினார். வேதவல்லிக்கும் அதே மாதிரி இரண்டு. மாஸ்டர் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்தார். சரி என்றார். ஆளின் முகத்தில் அடிக்கக் கூடாது, கையில்தான் அடிக்கவேண்டும், நான் நலம் என்றால் வட்டம் போடவேண்டும், அவசரம் என்றால் இடவலமாக வீசவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். தணிகாசலம் இதெல்லாம் சட்டென்று பிடித்துக்கொண்டார். விளக்கில் சேதி சொல்வது அவருக்குப் புதுசா என்ன.

பாக்கி இருந்தது முதுகு விளக்கு.

சுண்டுவிரல் அளவு இருக்கும். சிலிண்டரின் கழுத்தில் கட்டுவார்கள். இருட்டுத் தண்ணீரில், முன்னால் போகிறவர் எங்கே இருக்கிறார் என்று பின்னால் வருகிறவருக்குக் காட்டுகிற விளக்கு. வேறு வேலை அதற்கு இல்லை.

இதை நான் பார்த்துக்கறேன் மாஸ்டர், இது என் தொழில் என்றார் தணிகாசலம். போனவர் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் வைத்து, தண்ணீர் புகாமல் எம்-சீல் போட்டு அடைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுக் கொண்டுவந்தார். அதை எடுத்து நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

மாஸ்டர் தணிகாசலத்தின் முதுகில் சிலிண்டரை ஏற்றி, அதில் அந்த விளக்கைக் கட்டினார். வெயில் இறங்கியிருந்தது.

“அந்த ஐஸ் கம்பெனி வரைக்கும் நடந்துட்டு வாங்க ஐயா. வந்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

நடந்தார். மீன் கூடையோடு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மா, எந்தக் கோயில் திருவிழா அண்ணே என்று கேட்டுவிட்டுப் போனாள். தணிகாசலம் கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். உடம்போடு சேர்த்துத் திரும்பிப் பார்த்தார். வாலைப் பிடிக்கச் சுற்றுகிற நாய் மாதிரி ஆகிவிட்டது அவர் பாடு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்தான் அவரும்.

திரும்பி வந்தார்.

“எப்படி இருக்கு?”

“முதுகுல இருக்கறதை நான் எப்படி மாஸ்டர் பார்க்கறது?”

“அப்ப இது யார் லைட்டு?”

“என் லைட்டுதான். நானே பண்ணினேன்.”

மாஸ்டர் அதை அவிழ்த்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். ஓடுகிற விளக்கும் சிமிட்டுகிற விளக்கும் இங்கே ஆபத்துக்கு மட்டும்தான் என்று ஒரு வார்த்தை சொன்னார்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் தணிகாசலம். சிமிட்டாத சிவப்பு ஒன்று வாங்கி வந்தார். திருப்பி அனுப்பினார் மாஸ்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிய நீலம். அதுவும் திரும்பியது. கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. தணிகாசலத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“எந்த லைட்டு வேணும்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க மாஸ்டர். எங்க இருந்தாலும் வாங்கிட்டு வந்துடறேன். அவ ஆசைப்பட்டுட்டா.”

கடலுக்குள் போட்டுக்கொள்கிற முகக்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்த மாஸ்டர் அதைக் கீழே வைத்தார்.

“அம்மா என்ன பார்க்கணும்னு ஆசைப்பட்டாங்க?”

“லைட்டே இல்லாத இடம்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டு இடித்துக் காட்டவில்லை. நல்ல மனுஷி. பள்ளியின் வழக்கத்தை மட்டும் சொன்னார். அங்கே தன் முதுகு விளக்கைத் தானே யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஜோடிக்கு ஜோடிதான் எடுக்கவேண்டும். சிலிண்டரைச் சுமந்து நின்ற பிறகு பின்னால் நின்று கட்டவேண்டும். மேலே வந்ததும் கட்டினவரே அவிழ்க்கவேண்டும். சுமக்கிறவர் பார்க்கக் கூடாது.

“ஏன் மாஸ்டர்?”

“என்னோடதைப் படகுக்காரர் கட்டுவார். என்ன கலர்னு எனக்குத் தெரியாது ஐயா.”

ஏன் என்று கேட்டதற்கு அது பதிலா? தணிகாசலம் பஸ்ஸில் வீடு போய்ச் சேருகிறவரைக்கும் யோசித்தார். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

அந்த வேலையைப் பார்த்திருக்கவேண்டும். கிடங்கின் பின்பக்கம் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் பிடித்தார். கெடிலம் ஆற்று வண்டலைக் கொண்டுவந்து கலக்கினார். ஒவ்வொரு விளக்காக உள்ளே இறக்கி, கோணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தார். சிவப்பு அரை முழத்திலேயே காணாமல் போனது. நீலம் மங்கியது. பச்சைதான் அடி வரைக்கும் போய் நின்றது.

பச்சை என்று முடிவு செய்தார். ஆனால் அத்தோடு விடவில்லை. இவ்வளவு வெளிச்சம் எதற்கு, அவளுக்கு இருட்டுதானே வேண்டும் என்று தோன்றியது. விளக்கின் முன்பாதியைக் கறுப்பு டேப்பால் சுற்றினார். இப்போது பின்னால் வருகிறவனுக்குத் தெரியும். அவள் கண் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட விழாது.

இத்தனை வருஷத் தொழிலில் ஒரு விளக்கைக் குறைப்பதற்காக அவர் மெனக்கெட்டது அதுதான் முதல் தடவை. கோணிக்குள் வியர்த்து ஊற்றியது. மனசு என்னவோ நிறைந்திருந்தது. அவளுக்காக இப்படிக் குனிந்து எதையும் பார்த்ததில்லையே என்று இருந்தது. பார்க்க வைத்தாளே, மகராசி.

மாஸ்டர் அந்தப் பச்சையை வாங்கினார். டேப் சுற்றியிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

அந்த ஒரு தலையாட்டலுக்கு, ராஜ சபையில் பொன்னாடை போட்ட மாதிரி பூரித்துப்போனார் தணிகாசலம்.

அந்தப் பூரிப்பு ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. வேதவல்லியின் முறை வந்தது. அவள் பள்ளியின் பழைய டப்பாவுக்குள் கையை விட்டாள். ஒன்றை எடுத்தாள். இது போதும் மாஸ்டர் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவ்வளவுதான். சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கக்கூட இதைவிட அதிக நேரம் எடுப்பாள்.

தணிகாசலத்துக்குச் சுருக்கென்று இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். என்ன கலர் என்று கேட்டார். பெரிசா சின்னதா என்று கேட்டார். மாஸ்டர் சொல்லக் கூடாதுன்னாங்களே என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எரியுதான்னாவது பார்த்தியா?”

“எரியும்.”

எரியும் என்றால் என்ன அர்த்தம்? தணிகாசலத்திடம் வேலை செய்கிறவர்கள் யாராவது அப்படிச் சொன்னால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும். ஒரு செட் கட்டினால் கட்டும்போது ஒருதரம், ஏற்றும்போது ஒருதரம், சாமி புறப்படும்போது ஒருதரம் பார்க்கிறவர் அவர். சாமி புறப்பட்ட பிறகும் நிற்க மாட்டார். முன்னாலும் பின்னாலும் ஓடி ஓடி எந்த பல்பு போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். சாமியை அவர் சரியாகக் கும்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

நீச்சல் தொட்டியில் கடைசிப் பயிற்சி நடந்தது. ஜோடியைத் தவறவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பாடம்.

டார்ச்சை நெஞ்சோடு அமுக்கி மூடிக்கொள்ளவேண்டும். அசையாமல் நிற்கவேண்டும். ஒரு நிமிஷம் பார்க்கவேண்டும். ஜோடி வரவில்லை என்றால் மெதுவாக மேலே போய்விடவேண்டும்.

தணிகாசலத்துக்கு இது தலைகீழ்ப் பாடமாகப் பட்டது. ஆபத்து என்றால் இருக்கிற லைட்டையெல்லாம் போடவேண்டாமா? ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்வார்கள்? இதை அவர் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னார். மாஸ்டர் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“மூடிக்குங்க ஐயா.”

மூடிக்கொண்டார். மனசு ஒப்பவில்லை. ஆனாலும் தேறிவிட்டார்.

மழைக்கு முன்னால் கிடைத்த கடைசி நல்ல நாளில், பொழுது சாய்கிற நேரத்துக்குப் படகு கிளம்பியது. படகுத்துறைக்குத் தணிகாசலம் விறுவிறுவென்று முதல் ஆளாகப் போய்விட்டார். வேதவல்லி பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கடல் எண்ணெய் தடவின மாதிரி அமைதியாக இருந்தது. சூரியன் விழுந்து, மேற்கே இருந்த கடைசிச் சிவப்பும் போன பிறகு சிலிண்டர்களைச் சுமந்தார்கள்.

தணிகாசலம் அவள் முதுகில் பச்சையைக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். எரிகிறதா என்று பார்த்தார். இன்னொருதரம் பார்த்தார்.

வேதவல்லி அவர் முதுகில் எதையோ கட்டினாள். கட்டியாச்சு என்றாள்.

கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். அடியில் மணலும் ஒரு நீளப் பாறையும். மாஸ்டர் பாறையோரமாக முன்னால் போனார். அடுத்தது தணிகாசலம். அவருக்குப் பின்னால் வேதவல்லி. பாறையின் அடுத்த முனை வந்ததும் மூவரும் டார்ச்சை மூடிக்கொண்டு இருட்டில் இருப்பது என்று பேச்சு. அங்கே போய்ச் சேர்ந்தால் அவள் கேட்டது நடந்துவிடும்.

முதல் கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாறை இடுக்கில் ஒரு சிங்கி இறால் மீசையை ஆட்டியது. தூங்குகிற மீன் ஒன்று கண்ணைத் திறந்தபடியே தூங்கியது. தணிகாசலம் வட்டம் போட்டுக் காட்டினார். பின்னாலிருந்தும் வட்டம் வந்தது.

அப்புறம் அந்த நினைப்பு வந்தது. முதுகு விளக்கு எரிகிறதா?

பழைய டப்பாவில் கிடந்தது. அவள் சோதித்துப் பார்க்கவில்லை. எரியும் என்றாள், எரிகிறது என்று சொல்லவில்லை. நடுவில் அணைந்திருந்தால்? அணைந்திருந்தால் அவள் எதைப் பார்த்துக்கொண்டு வருவாள்?

கழுத்தைத் திருப்பினார். தெரியவில்லை. சும்மா விட்டிருக்கலாம். விட முடியவில்லை அவரால். எத்தனையோ திருவிழாவில் ஓடி ஓடிப் பார்த்த கால் அது. உடம்பையே திருப்பினார். அவரோடு சேர்ந்து அவர் முதுகும்தானே திரும்பும்? மறுபக்கம் திருப்பினார். துடுப்பு மாட்டிய கால் மணலில் இரண்டுதரம் பலமாக அடித்தது. மூன்றாவது தரமும் அடித்தது.

கடலடி மணல் எழுந்துவந்து அவரை மூடிக்கொண்டது.

டார்ச்சை நீட்டினார். வெளிச்சம் ஒரு முழம் போய் வெள்ளைச் சுவராக நின்றது. இடது பக்கம் வெள்ளை. வலது பக்கம் வெள்ளை. மேலே எது, கீழே எது என்றுகூடப் பிடிபடவில்லை. பச்சையைத் தேடினார். இல்லை.

பயந்தார். தன் உயிருக்குப் பயந்தார் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. வாழ்நாளில் ஒன்றே ஒன்று கேட்டாள். அதைக் கொடுக்கிறேன் பேர்வழி என்று கூட்டிவந்து, நடுக்கடலில் தனியாக விட்டுவிட்டேனே என்று நெஞ்சு பதறியது. மூச்சு இரைத்தது. குமிழிகள் காதோரம் கொதித்தன. கை தானாகவே டார்ச்சைத் தூக்கி வீசப் பார்த்தது.

அப்போது சாமான் அறை ஞாபகம் வந்ததோ, நீச்சல் தொட்டி ஞாபகம் வந்ததோ, அவருக்கே தெரியாது. தூக்கின கை இறங்கியது. டார்ச்சை நெஞ்சோடு அமுக்கி மூடிக்கொண்டார்.

இருட்டு வந்தது. அவர் பார்த்தே இராத இருட்டு.

அசையாமல் நின்றார். கெங்கையம்மா, அவ பத்திரமா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டார். சாமியிடம் அப்படி நின்று பேசியதும் ரொம்ப நாளைக்கு அப்புறம்தான். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. முதுகில் எரிகிறதோ இல்லையோ, அதுவும் அவர் கையில் இல்லை. மூச்சை இழுத்தார். விட்டார். இழுத்தார். விட்டார்.

முழங்கையை ஒரு கை தொட்டது.

வளையல் இல்லாவிட்டாலும் அந்தக் கை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அவளும் டார்ச்சை நெஞ்சோடு மூடியிருந்தாள். அவர் கையை ஒருதரம் அழுத்தினாள். நலம் என்று அர்த்தம். இவர் பத்துத்தரம் அழுத்தினார்.

அவள் அவரை மெல்ல இழுத்துக்கொண்டு கலங்கலைவிட்டு வெளியே வந்தாள். டார்ச்சை எடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்து, குழந்தைக்கு டாட்டா காட்டச் சொல்லிக்கொடுப்பது போல் தண்ணீரில் ஆட்டினாள்.

விரல்களிலிருந்து நீலப் பொறி உதிர்ந்தது.

ஒவ்வொரு விரலிலிருந்தும் உதிர்ந்தது. அவள் விரலிலிருந்தும் உதிர்ந்தது. ஒயர் இல்லை, ஜெனரேட்டர் இல்லை. தணிகாசலம் கையை நிறுத்தினார், அது அணைந்தது. ஆட்டினார், எரிந்தது. தேடி வந்துவிட்ட மாஸ்டர் சற்றுத் தள்ளி நின்று தன் டார்ச்சையும் மூடிக்கொண்டார். சிலிண்டரில் காற்று இருந்த மட்டும் அவர்கள் அந்த இருட்டிலேயே இருந்தார்கள்.

பாறையின் அடுத்த முனைக்குப் போகவே இல்லை. அது யாருக்கும் ஞாபகமும் வரவில்லை.

படகில் ஏறினதும் தணிகாசலம் முகக்கண்ணாடியைக் கழற்றினார். கண் வழிந்துகொண்டே இருந்தது. உப்புத் தண்ணி என்று படகுக்காரரிடம் சொன்னார். அவர் கேட்கவே இல்லை, இவராகத்தான் சொன்னார். வேதவல்லி பின்னால் நின்று அவர் முதுகு விளக்கை அவிழ்த்தாள். அவர் கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

பிறகு தணிகாசலம் மாஸ்டருக்கு முன்னால் போய் நின்று கையைக் கூப்பினார். தப்பு செஞ்சுட்டேன், நான்தான் மணலைக் கிளப்பினேன், நீங்க சொன்னபடி லைட்டை மூடினதால பிழைச்சேன், உங்களுக்கு எப்படிக் கைம்மாறு செய்யப்போறேனோ என்றெல்லாம் கொட்டித் தீர்த்தார். மாஸ்டர் ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாஸ்டர். அந்தக் கலங்கல்ல என் கையே எனக்குத் தெரியலை. என்னை எப்படிக் கண்டுபிடிச்சா?”

மாஸ்டர் முகவாயால் வேதவல்லியைக் காட்டிவிட்டு, கயிறு சுற்றப் போய்விட்டார்.

தணிகாசலம் மனைவியின் எதிரில் வந்து உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஊரெல்லாம் அவர் பெயர் பல்பில் ஓடியிருக்கிறது. மகன் பெயர், மகள் பெயர், மாப்பிள்ளை பெயர்கூட ஓடியிருக்கிறது. இவளிடம் இப்படி நேராக உட்கார்ந்து பேசிய ஞாபகம் இல்லை.

“வேதா, நீ வந்தியே. ரொம்ப நன்றிம்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

“அந்தக் கலங்கல்ல என்னை எப்படிக் கண்டுபிடிச்சே?”

வேதவல்லி ஈரக் கூந்தலை முன்னால் எடுத்துப் பிழிந்தாள்.

“முப்பது வருஷமா உங்க பின்னாடிதான் வர்றேன். இன்னிக்குத்தாங்க நின்னீங்க.”